மாத மளிகை: டிமார்ட், ஸ்மார்ட் பஜார், மொத்தக் கடை... எதை எங்கே வாங்குவது?

கோவை_சிட்டை கேட்டது:

நாலு பேர் உள்ள வீடு. மாதச் சிட்டை சுமாராக இப்படி: பொன்னி 25 கிலோ, இட்லி அரிசி 8, துவரம்பருப்பு 3, உளுந்து 3, சர்க்கரை 4, கடலை எண்ணெய் 2 லிட்டர், சன்பிளவர் 3, நெய் அரை லிட்டர், புளி, மிளகாய், மல்லி, சோப்பு, ஷாம்பு, துணி பவுடர், பாத்திரம் விளக்கும் பார்.

டிமார்ட் 8 கிலோமீட்டர், ஸ்மார்ட் பஜார் 3 கிலோமீட்டர். தெருமுனையில் ஒரு மளிகைக் கடை, சிட்டை கொடுத்தால் வீட்டுக்கே கொண்டு வந்து போடுகிறார்கள். கோவை ரங்கே கவுடர் வீதி மொத்தக் கடைகளுக்கும் போய் வரலாம். மூன்று கேள்விகள்:

1. எம்ஆர்பி-யில் இவ்வளவு தள்ளுபடி என்று பில்லில் கீழே போடும் தொகையை நம்பி ஒப்பிடலாமா?
2. கடைகளின் சொந்த பிராண்ட் பருப்பு, எண்ணெய், சோப்பு தரம் எப்படி?
3. ஒரே கடையில் முடிக்க வேண்டும் என்றால் எது?

---

எடைக்கல் பதில்:

முதல் கேள்விக்கு நேர் பதில்: கூடாது. "இந்த பில்லில் நீங்கள் சேமித்தது" என்ற எண் எம்ஆர்பி-யிலிருந்து கழித்தது. தெருமுனைக் கடைக்காரரும் பல பொருளை எம்ஆர்பி-க்குக் கீழேதான் கொடுக்கிறார். அவர் பில்லில் அந்த வரி இல்லை, அவ்வளவுதான். பருப்பு, அரிசி மாதிரிச் சரக்கில் எம்ஆர்பி என்பது பொட்டலம் போடுகிறவர் தானே அச்சடிக்கும் எண். 240 என்று அடித்து 158-க்குக் கொடுத்தால் 34% தள்ளுபடி. மொத்தக் கடையில் அதே ரகம் 150 என்றால் அந்த 34% எங்கே போனது?

ஒப்பிட ஒரே வழி, கிராமுக்கு அல்லது மி.லி.க்கு நீங்கள் கையிலிருந்து கொடுக்கும் காசு. கவரில் இப்போது அலகு விலை அச்சடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு குழி உண்டு. ஒன்று, அந்த அலகு விலை எம்ஆர்பி-யை வைத்துப் போட்டது. தள்ளுபடி விலைக்கு நீங்களே வகுக்க வேண்டும். இரண்டு, 1 கிலோவுக்குக் குறைந்த கவரில் கிராமுக்கு விலை போடுவார்கள், 1 கிலோவைத் தாண்டினால் கிலோவுக்கு. 500 கிராம் கவரில் 0.24 என்றும் பக்கத்தில் 2 கிலோ கவரில் 228 என்றும் இருக்கும். கண்ணுக்கு ஒப்பீடே தெரியாது. 0.24 என்றால் கிலோ 240.

பெரிய ஏமாற்றம் நடக்கிற இடம் எண்ணெய் அலமாரி. 1 லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். ஒரே உயரம், ஒரே அகலத்தில் 870, 840, 800 கிராம் கவர்களும், 750 மி.லி. பாட்டில்களும் நிற்கும். ஒரு கணக்கு: 1 லிட்டர் (910 கிராம்) 150 ரூபாய், பக்கத்தில் 840 கிராம் கவர் 142 ரூபாய். 8 ரூபாய் மலிவு என்று கை இரண்டாவதற்குப் போகும். வகுத்துப் பாருங்கள்: முதலாவது கிலோ 164.80, இரண்டாவது 169. எண்ணெயை லிட்டரில் ஒப்பிடுவதை விட்டுவிட்டு, கவரின் பின்னால் இருக்கும் கிராமை மட்டும் பாருங்கள். நெய்யும் அப்படித்தான்: அரை லிட்டர் நெய் அரை கிலோ இல்லை, 455 கிராம் பக்கம். ஒரு பிராண்ட் மி.லி.யிலும் இன்னொன்று கிராமிலும் விற்றால் 10% வித்தியாசம் அங்கேயே ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று. பழைய விலைக் குறிப்பு ஏதாவது வைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள். 22 செப்டம்பர் 2025 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18%-லிருந்து 5% ஜிஎஸ்டிக்கு வந்துவிட்டன. துணி பவுடர் 18%-லேயே நிற்கிறது. 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளில் பல கம்பெனிகள் விலையைத் தொடாமல் கிராமைக் கூட்டின. ஆகவே "இந்த பிஸ்கட் 10 ரூபாய்" என்ற ஞாபகம் எதற்கும் உதவாது. புதிதாக 20 பொருளுக்கு ஒரு நோட்டு போடுங்கள்: பொருள், ரகம், கடை, கிராம், கொடுத்த காசு, 100 கிராமுக்கு எவ்வளவு. மூன்று மாதம் எழுதினால் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் விடை அந்த நோட்டிலேயே வந்துவிடும்.

எடை குறைவு என்று சந்தேகம் வந்தால் ஒரு தகவல்: பொட்டலத்துக்குச் சட்டப்படி அனுமதித்த பிழை உண்டு. 500 கிராம் முதல் 1 கிலோ வரை 15 கிராம்; 15 கிலோவுக்கு மேல் 1%, அதாவது 25 கிலோ மூட்டையில் 250 கிராம். அதைத் தாண்டினால் நுகர்வோர் உதவி எண் 1915.

---

பருப்பு_மண்டி பதில்:

எடைக்கல் சொன்ன கணக்கு பிராண்ட் சரக்குக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா பருப்புலயும் அரிசியிலயும் ஒரே கிராம், ஒரே விலைன்னு வச்சாலும் ரகம் மாறிடும். அங்கதான் ஜனங்க தப்புக் கணக்குப் போடுறாங்க.

துவரம்பருப்பு: டிமார்ட்ல ஒரே பருப்பு ரெண்டு தரத்துல இருக்கும், சாதா ஒண்ணு, பிரீமியான்னு ஒண்ணு. ஸ்மார்ட் பஜார்ல அவங்க சொந்த பிராண்ட் குட் லைஃப். சாதாவோட விலையைக் கொண்டுபோய் தெருமுனைக் கடையோட நயம் பருப்பு விலையில வச்சு "டிமார்ட் 20 ரூபா கம்மி"ன்னா அது ஒப்பீடே இல்ல. கவரைத் திருப்பி அடி மூலையைப் பாருங்க. உடைசலும் தூளும் அங்கதான் இறங்கி நிக்கும். ஒரு கைப்பிடி அளவுக்கு உடைசல் தெரிஞ்சா அது ரெண்டாம் தரம். பருப்பு ஒரே நிறமா, ஒரே பருமனா இருக்கணும். கலந்து கிடந்தா ரெண்டு ஊர்ச் சரக்கைக் கலக்கியிருக்காங்கன்னு அர்த்தம். மொசாம்பிக், தான்சானியா, மலாவி, பர்மா எல்லா இடத்துலேருந்தும் துவரை இறக்குமதி ஆகுது. இறக்குமதிப் பருப்பு மோசம்னு நான் சொல்ல மாட்டேன், கலப்புதான் தொல்லை. பாதி குழைஞ்சு பாதி முழிச்சுக்கிட்டு நிக்கும், குக்கர்ல விசில் கணக்கே வராது. அளவுக்கு மீறி பளபளன்னு கையில வழுக்கினா எண்ணெய் பாலிஷ். கழுவுற முதல் தண்ணியிலேயே அப்பட்டமா மஞ்சள் இறங்குனா அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க.

சோதனை சுலபம். ரெண்டு கடைப் பருப்பு 100 கிராம் 100 கிராம், ஒரே அளவு தண்ணி, ஒரே குக்கர்ல ரெண்டு கிண்ணம் வச்சு அதே விசில். எது மசியுது, எது கெட்டியா நிக்குதுன்னு தெரிஞ்சிடும். கெட்டியா வர்ற பருப்புக்குக் கிலோவுக்கு 10 ரூபா கூடக் கொடுத்தாலும் சாம்பாருக்கு அளவு குறைச்சுப் போடலாம், கணக்கு நேராயிடும்.

உளுந்து இன்னும் நுணுக்கம். உளுந்தைக் கிலோ விலையில பார்க்கக்கூடாது, கிரைண்டர்ல எவ்வளவு பொங்குதுன்னு பார்க்கணும். புது உளுந்து பந்து பந்தா எழும்பும். ஒரு வருஷம் தாண்டினது எவ்வளவு ஆட்டினாலும் எழும்பாது, அதே இட்லிக்குக் கால் பங்கு கூடப் போடணும். கவர்ல இருக்கிற தேதி பொட்டலம் போட்ட தேதி. அறுவடைத் தேதி இல்ல. அதனால உளுந்துல மட்டும் தேதியை நம்பாதீங்க, அரை கிலோ வாங்கி ஒரு ஈடு ஆட்டிப் பார்த்துட்டு அப்புறம் மூணு கிலோ வாங்குங்க. டெல்டாவுல நெல்லுக்குப் பின்னால விதைக்கிற உளுந்து சித்திரை வாக்குல வரும். அப்போ மொத்தக் கடையில கிடைக்கிற உளுந்துக்கு எந்தப் பெரிய கடையும் ஈடு கிடையாது.

அரிசி: "பொன்னி"ன்னு மூட்டை மேல இருக்கிறதெல்லாம் பொன்னி இல்ல. பாபட்லா வகையான பிபிடி 5204, இன்னும் பல சன்ன ரகங்கள் அந்தப் பேர்ல வருது. ரகத்தை விட வயசுதான் முக்கியம். புது அரிசி குழையும், அளவு காணாது. ஆறு மாசம் தாண்டினது உதிரியா நிக்கும், தண்ணி கூட இழுக்கும். பெரிய கடை மூட்டையில வயசு கேட்க ஆளில்ல. அரிசிக் கடையில கேட்கலாம், சரியில்லன்னா அடுத்த நாள் மூட்டையைத் திருப்பி அனுப்பலாம். பிரிச்ச மூட்டையைப் பெரிய கடையில திருப்பித் தர்றது பெரும்பாடு. அரிசியை அரிசிக் கடையிலயே வாங்குங்க, யோசிக்கவே வேண்டாம்.

புளி, மிளகாய், மஞ்சள்: இதெல்லாம் வருஷச் சாமான். மாசிலேருந்து சித்திரை வரைக்கும் புதுச் சரக்கு இறங்கும்போது வாங்கி, வெயில்ல காயப் போட்டு எடுத்து வைக்கிறதுதான் மலிவு. மாசாமாசம் 200 கிராம் கவர் வாங்குறதுதான் இருக்கிறதுலயே விலை கூடின வழி. புளியில கொட்டை மூணுல ஒரு பங்குக்கு மேல. கொட்டைப் புளி கிலோ 80, கொட்டை எடுத்தது 140ன்னு வையுங்க. 80 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைக்கிற சதை 620 கிராம் அளவு, அதாவது சதை கிலோ 129. 11 ரூபா மிச்சத்துக்கு உக்காந்து கொட்டை எடுக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. மிளகு வாங்கினா பத்து மிளகைத் தண்ணியில போட்டுப் பாருங்க: நல்ல மிளகு அடியில போகும், பப்பாளி விதை மிதக்கும்.

---

லேபிள்_திருப்பி பதில்:

இரண்டாவது கேள்விக்கு, அதாவது சொந்த பிராண்டுக்கு.

"எல்லாம் ஒரே பேக்டரியில்தான் தயாராகிறது, லேபிள் மட்டும் வேறு" என்று சொல்வார்கள். பாதி உண்மை. ஒரே ஆலை நாலு பிராண்டுக்குத் தயாரித்துக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் ஒவ்வொருவரும் கேட்கிற செய்முறை வேறு. ஆகவே ஆலையின் பெயரைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது. லேபிளில் எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும். உணவுப் பொருளில் தயாரிப்பாளர் பெயரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண்ணும் கட்டாயம். இல்லாத கவரைத் தொடாதீர்கள்.

குளியல் சோப்பில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு சொல். "டாய்லெட் சோப்" என்று இருக்கிறதா, "பாத்திங் பார்" என்று இருக்கிறதா. இந்தியத் தர நிர்ணயப்படி டாய்லெட் சோப்பில் டிஎஃப்எம் என்கிற கொழுப்புப் பொருள் முதல் தரத்துக்கு 76%, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. பாத்திங் பாருக்கு 40 இருந்தாலே போதும். டிஎஃப்எம் குறைந்த கட்டி தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று கரைந்து பாதி நாளில் தீரும். 100 கிராம் 30 ரூபாயில் 60% கட்டியைவிட, 36 ரூபாயில் 76% கட்டி மலிவு. இது பெரிய கம்பெனி, சொந்த பிராண்ட் இரண்டுக்கும் பொருந்தும். விளம்பரத்தில் வரும் பிரபல சோப்புகள் சில பாத்திங் பார்தான், திருப்பிப் பாருங்கள்.

துணி பவுடரில் மலிவு பிராண்டுகளில் இட்டு நிரப்பும் உப்பும் சுண்ணப்பொடியும் அதிகம் இருக்கலாம். ஒரு ஸ்பூன் பவுடரைக் கண்ணாடி டம்ளர் வெந்நீரில் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் வெள்ளையாகத் தங்குவது கரையாத நிரப்பி. அது துணியிலும் மெஷினிலும் படியும். உப்பு கரைந்துவிடும் என்பதால் இந்தச் சோதனை பாதிதான் பிடிக்கும். கோவையில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர் என்றால் மலிவுப் பவுடரை இரண்டு ஸ்பூன் கூடப் போட வேண்டி வரும், மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். தரை துடைக்கும் திரவம், கழிவறை கழுவும் அமிலம், குப்பைக் கவர், டிஷ்யூ: இவற்றில் சொந்த பிராண்ட் தாராளமாக எடுக்கலாம். கழிவறைத் திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். அது சமமாக இருந்தால் வேலையும் சமம், வாசனைக்குத்தான் காசு.

எண்ணெய்க்கு வருவோம். முன்பக்கம் கடலைப் படம், விலை ஆச்சரியமாகக் குறைவு என்றால் லேபிளில் "மல்டி சோர்ஸ் எடிபிள் ஆயில்", அதாவது கலப்பு எண்ணெய், என்று இருக்கிறதா பாருங்கள். கலப்பு சட்டப்படி சரியானதுதான். இரண்டு எண்ணெய், ஒவ்வொன்றும் குறைந்தது 20%, எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். 80% வேறு மலிவு எண்ணெய், 20% கடலை என்றும் இருக்கலாம் என்பதுதான் விஷயம். செக்கு எண்ணெய் என்று விற்றால் இப்படிக் கணக்குப் போடுங்கள்: 1 லிட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ கடலைப்பருப்பு தேவை. பருப்பு கிலோ 120 என்றால் 288 ரூபாய், பிண்ணாக்கு 1.4 கிலோ, கிலோ 40 வீதம் 56 ரூபாய் திரும்பி வரும். மீதி 232, அதற்கு மேல் ஆட்டுக் கூலி, பாட்டில், லாபம். அன்றைய கடலைப்பருப்பு விலையை வைத்து இந்தக் கணக்கு எட்டாத விலையில் எவராவது "சுத்த செக்கு" என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். ரீஃபைண்ட் எண்ணெய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கரைப்பான் வைத்துப் பிண்ணாக்கிலிருந்தும் எடுப்பதால் அது இயல்பாகவே மலிவு.

---

மூணாவது_ரேக் பதில்:

மேலே யாரும் கடைகளின் உள்கணக்கைச் சொல்லவில்லை. அது தெரிந்தால் எதை எங்கே எடுப்பது என்பது தானே புரியும்.

டிமார்ட் 2002-ல் மும்பை பவாயில் தொடங்கியது. பெரும்பாலான கடைக் கட்டிடம் சொந்தம், வாடகை இல்லை. சரக்கு கொடுப்பவர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலை குறைத்து வாங்குவார்கள். ஒரு பொருளில் ரகங்கள் கம்மியாக வைத்து வேகமாகத் தீர்ப்பார்கள். அதனால் விலை பண்டிகைக்குப் பண்டிகை ஆடாது, வருடம் முழுக்க ஒரே மாதிரி குறைவு. ஸ்மார்ட் பஜார் வழி வேறு: வாரக் கடைசி, மாத ஆரம்பம், சுதந்திர தினம் என்று ஆஃபர் நாளில் சில பொருள் அடி விலைக்குப் போகும், மற்ற நாளில் அதே பொருள் சாதாரண விலை. ஆகவே பற்பசை, டீத்தூள், பிஸ்கட், சோப்பு மாதிரி பிராண்ட் சரக்கு: ஆஃபர் நாள் தெரிந்தால் ஸ்மார்ட் பஜார், தெரியாவிட்டால் டிமார்ட். கெடாத சரக்கை ஆஃபரில் இரண்டு மாதத்துக்கு எடுக்கலாம். ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று கோதுமை மாவு, நொறுக்குத்தீனி குவித்திருந்தால் தேதியைப் பாருங்கள். மாவுக்கு ஆயுளே மூன்று மாதம் பக்கம்தான்.

இந்தக் கடைகளின் லாபம் பருப்பில் இல்லை. துணி, பாத்திரம், பிளாஸ்டிக் டப்பா பிரிவில்தான். டிமார்ட் வருவாயில் அது கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு, ஆனால் கழுத்தைப் பிடிப்பது அங்கேதான். பருப்பில் 60 மிச்சம் பிடித்து 349-க்கு டப்பா செட் எடுத்து வருவது ஊர் வழக்கம். எவர்சில்வர் எடுப்பதானால் காந்தம் ஒட்டவில்லை, நல்லது என்று ஏமாறாதீர்கள். 304 என்கிற நல்ல தர எஃகும் ஒட்டாது, மலிவான 202 தர எஃகும் ஒட்டாது. 202-ல் உப்பும் புளியும் நின்றால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். அடியில் 304 என்று அச்சு இல்லாத ஊறுகாய்ப் பாத்திரம் வேண்டாம். குக்கர் என்றால் ஐஎஸ்ஐ முத்திரை.

8 கிலோமீட்டர் போய் வர 16. வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் பெட்ரோல் 35, 36 ரூபாய். அந்தப் பயணத்தை மாதம் ஒரு தடவைக்கு மேல் செய்தால் கணக்கு தலைகீழ்.

ரேஷன் அட்டையை மறந்துவிட்டீர்கள். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. எந்தத் தள்ளுபடிக் கடையும் அதன் நிழலைக்கூடத் தொட முடியாது. பலகாரம் பொரிக்கப் பாமாயில் போதும். சன்பிளவர் 3 லிட்டரை 2 ஆக்கலாம்.

---

கோவை_சிட்டை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். அரிசிக் கடையில் 26 கிலோ மூட்டை வைத்திருக்கிறார்கள், 25 இல்லை. அது என்ன கணக்கு? ஷாம்பு பெரிய பாட்டில் வாங்கினால்தானே மலிவு?

---

எடைக்கல்:

26 கிலோ மூட்டை வரிக்காக வந்தது. 18 ஜூலை 2022 முதல் 25 கிலோ வரை லேபிள் ஒட்டிய மூட்டைக்கு 5% ஜிஎஸ்டி; அதற்கு மேல் போனால் இல்லை. அதனால் ஆலைகள் ஒரு கிலோ கூட்டிக் கட்டின. உங்களுக்கு நல்லதுதான், ஆனால் மூட்டை விலையை வைத்து ஒப்பிடாமல் கிலோ விலையை வைத்து ஒப்பிடுங்கள். 1,500 ரூபாய் 25 கிலோ என்றால் கிலோ 60. அதே 1,500-க்கு 26 என்றால் 57.70. 26-க்கு 1,570 சொன்னால் கிலோ 60.40, அதாவது வரி மிச்சம் உங்களிடம் வரவில்லை.

ஷாம்பு, நம் ஊரில் தலைகீழ். 1 ரூபாய் சாஷேயில் 5 மி.லி. என்றால் மி.லி. 20 காசு. 340 மி.லி. பாட்டில் தள்ளுபடி போக 190 என்றால் 56 காசு. அதே பிராண்ட், அதே நிறம். சாஷே சரம் வாங்குங்கள், கவரில் மி.லி. எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். குப்பை கூடும், அது தனிப் பேச்சு.

ஒரே கடையில் முடித்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் சிட்டைக்குத் தெருமுனைக் கடைதான். சிட்டையில் பாதிக் காசு அரிசி, பருப்பு, எண்ணெயில் போகிறது, அதில் பெரிய கடைக்கு உங்களுக்குக் கொடுக்க அதிகம் இல்லை. இரண்டாகப் பிரிக்க முடிந்தால் சோப்பு, பவுடர், பற்பசை, டீத்தூள், பிஸ்கட் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டிமார்ட். டப்பா ரேக் பக்கம் போகாத வழியில்.

---

பருப்பு_மண்டி:

சிட்டை கொடுக்கும்போது வெறும் "துவரம்பருப்பு 3 கிலோ"ன்னு எழுதாதீங்க. ரகம், விலை கேட்டு எழுதுங்க. இல்லன்னா எது தேங்கி நிக்குதோ அதுதான் உங்க வீட்டுக்கு வரும்.